1500டி, 55-250 லென்ஸ்: எலகங்காவில் எடுத்த விமானங்கள் எல்லாம் கறுப்பாக, கடுகளவாக வந்திருக்கின்றன

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரா மாங்காய் சீசன் முடிந்தால்தான் கேமராவைக் கையில் எடுக்க நேரம் கிடைக்கும். என்னிடம் இருப்பது கேனன் 1500டி, அதோடு சேர்ந்து வந்த 18-55, 55-250 என்ற இரண்டு லென்ஸ்.

இதுவரை இரண்டு விமானக் காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். முதலில் 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினா. அடுத்தது 2025 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சி. பொதுமக்களுக்கான நாளில் 1000 ரூபாய் டிக்கெட் எடுத்து, பறப்பதைப் பார்க்கும் பகுதியில் நின்றேன். இரண்டு நாளும், எண்ணையெல்லாம் கேமராவே முடிவு செய்கிற ஸ்போர்ட்ஸ் மோடிலேயே வைத்து எடுத்தேன். எலகங்காவில் மட்டும் 1,140 படம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தேறியவை 6.

மூன்று பிரச்சினைகள். முதலாவது, விமானப்படையின் வித்தைக் குழுவான சூர்யகிரணின் விமானங்கள் சிவப்பும் வெள்ளையுமாகக் கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தன. படத்தில் எல்லாம் கறுப்பு நிழல். இரண்டாவது, விமானம் படத்தின் நடுவே கடுகு மாதிரி இருக்கிறது. மூன்றாவது, மெரினாவில் எடுத்த சாரங் குழுவின் ஹெலிகாப்டர்கள் கூர்மையாக வந்திருக்கின்றன, ஆனால் விசிறி சுற்றாமல் அப்படியே நிற்கிறது. வானத்தில் ஆணி அடித்து மாட்டிய பொம்மை போல இருக்கிறது. (2025 எலகங்காவில் சாரங் பறக்கவில்லை. அந்த ஜனவரியில் போர்பந்தரில் நடந்த விபத்துக்குப் பிறகு, அந்தக் குழு ஓட்டுகிற துருவ் ஹெலிகாப்டர்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை.)

அப்பா தோப்பில் தண்ணீர் கட்டும்போது பெங்களூரு பக்கம் இறங்கப் போகிற ஒவ்வொரு விமானத்தையும் நிமிர்ந்து பார்ப்பார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அது மறையும் வரை பார்ப்பார். அவருக்காக ஒரே ஒரு நல்ல படம், 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும். சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராயக்கோட்டைரோடு_ஸ்டுடியோ:

சீட்டுப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீங்கம்மா. முதலில் உங்கள் படம் ஏன் கறுத்தது என்று பார்த்துவிடலாம்.

நான் கிருஷ்ணகிரியில் 26 வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம்தான் சோறு போடுகிறது. விமானம் என்றால் உயிர். எலகங்காவுக்கு 2011-லிருந்து போகிறேன்.

கேமரா வெளிச்சத்தை அளக்கும்போது அதற்கு விமானம் என்று ஒன்று தெரியாது. படத்தில் பத்தில் ஒன்பது பங்கு பளபளக்கிற வானம். அந்த வெளிச்சத்தை அடக்கப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் ஜன்னலுக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி எடுத்தால் முகம் கறுக்குமே, அதே கதைதான்.

அதனால் ஸ்போர்ட்ஸ் மோடை விட்டு, எண்ணை நாமே வைக்கிற எம் மோடுக்கு வாருங்கள். வெயில் நன்றாக அடிக்கிற நாளில் ஷட்டர் வேகம் 1/1250 நொடி, லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. இதில் தொடங்குங்கள். வெயில் அடிக்கும் வரை பின்னால் வானம் எப்படி இருந்தாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் விமானத்தின் மேல் விழுவது அதே வெயில்தான். மேகம் மூடினால் ஐஎஸ்ஓவை மட்டும் 800-க்கோ 1600-க்கோ ஏற்றுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்துப் போகும், போகட்டும். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் எடுங்கள். நிழலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

ஆனால் எண் மட்டும் போதாது. பகல் 11 மணிக்கு மேல் வெயில் உச்சியில் இருக்கும். தலைக்கு மேல் போகிற விமானத்தின் அடிவயிறுதான் நமக்குத் தெரியும், அது நிழலில் இருக்கும். மெரினாவில் காட்சி நடந்ததே 11-லிருந்து 1 மணி வரை. எந்த எண் வைத்தாலும் அடிவயிறு அடிவயிறுதான். விமானம் எப்போது முதுகைக் காட்டும்? திரும்பும்போது. சாய்ந்து வளைகிற அந்த இரண்டு மூன்று நொடியில் இறக்கையின் மேல்பக்கம் முழுக்க வெயில் விழும், விமானியின் கண்ணாடிக் கூண்டு மின்னும், சிவப்பு சிவப்பாகத் தெரியும். அதுதான் உங்கள் படம். நேராக வந்து நேராகப் போகும்போது கண்ணால் பாருங்கள், விரலை எடுத்துவிடுங்கள். அது சாயத் தொடங்கியதும் அழுத்துங்கள். 1,140 படம் எடுக்கத் தேவையே இல்லை, 200 போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2011-ல். சூர்யகிரண் குழு பழைய கிரண் விமானங்களில் பறந்த கடைசிக் காட்சி அது. அது கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் பத்து நிமிஷத்திலேயே கண்டபடி சுட்டு கார்டை நிரப்பிவிட்டு, எதை அழிக்கலாம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கூட்டம் ஓ என்று கத்தியது. நிமிர்ந்தபோது புகை மட்டும் இருந்தது. ஹாக் விமானங்களில் அந்தக் குழு மறுபடி பறக்கத் தொடங்கும் வரை நாலு வருஷம் அந்தக் குழுவின் படம் என்னிடம் இல்லை. இன்றும் அந்தப் புகைப் படத்தைக் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம் கடுகு விஷயம். கணக்குப் பிள்ளையாக இருக்கிறீர்கள், கணக்காகவே சொல்கிறேன். சூர்யகிரணின் ஹாக் விமானம் 12 மீட்டர் நீளத்துக்குச் சற்று மேல். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மில்லிமீட்டர். லென்ஸை 250-இல், அதாவது முழு ஜூமில் வைத்து, விமானம் 500 மீட்டரில் பக்கவாட்டில் போனால் சென்சாரில் 6 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். அதாவது படத்தின் அகலத்தில் கால் பங்குக்கு மேல். ஒரு கிலோமீட்டரில் போனால் அதில் பாதி. கால் பங்கு என்றால் உங்கள் 6,000 பிக்சல் அகலத்தில் விமானம் மட்டும் 1,600 பிக்சலுக்கு மேல் வரும். சுற்றி வானத்தை வெட்டிவிட்டால் 12-க்கு 18 பிரிண்ட் தாராளமாகப் போடலாம், நானே போட்டுத் தருகிறேன். ஒரு கிலோமீட்டரில் இருப்பதை எடுத்து வெட்டினால்தான் பிசிறும். சுகோய்-30 என்றால் 22 மீட்டர் நீளம், அதே தூரத்தில் பாதிப் படத்தை நிரப்பிவிடும். ஆகவே லென்ஸ் போதும். தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கிட்டே வருவதற்குக் காத்திருப்பதுதான் வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு எலகங்கா வரை போக வேண்டாம். நம்ம ராயக்கோட்டை ரோடு போதும். கடைத் திண்ணையில் நின்றுகொள்ளுங்கள், தார் ரோட்டுப் பக்கமே போகாதீர்கள். 15 மீட்டர் தள்ளி டவுன் பஸ் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 500 மீட்டர் தள்ளி ஜெட் 800 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எது கேமராவில் வேகமாக ஓடும்? பஸ்தான். பஸ்ஸைப் பிடிக்கக் கழுத்தை நொடிக்கு 40 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டும், அந்த ஜெட்டுக்கு 25 டிகிரி போதும். டவுன் பஸ்ஸின் ஊர்ப் பலகையைத் தெளிவாக எடுக்கிற கைக்கு சூர்யகிரண் பயமில்லை. இதை நான் கடைக்கு வந்து போகிற எல்லாப் பையன்களுக்கும் சொல்வேன், யாரும் நம்ப மாட்டார்கள். செய்து பார்த்துவிட்டு வந்து நம்புவார்கள்.

நிற்கிற விதம்: படம் எடுக்க நினைக்கிற இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றுங்கள். இடுப்பிலிருந்து மேலே மட்டும் விமானம் வருகிற பக்கம் திரும்புங்கள். அது வரவர இடுப்பு தானாக நேராகும், நேராகும் இடத்தில் கை நடுங்காது. முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டியிருக்கட்டும்.

ஃபோகஸுக்கு, நகர்வதை விடாமல் தொடர்கிற ஏஐ சர்வோ, நடுப்புள்ளி மட்டும். உங்கள் கேமராவில் ஒன்பது புள்ளி இருந்தாலும் குறுக்கும் நெடுக்கும் பார்க்கிற புள்ளி நடுவில் இருப்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் வானத்தில் தடுமாறும். காலி வானத்தைப் பார்த்து அரை அழுத்தம் கொடுக்காதீர்கள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, விமானம் வரும்போது எங்கோ நிற்கும். முன்கூட்டியே தூரத்துக் கட்டடம் ஒன்றில் ஃபோகஸ் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. சத்தம் வருகிற பக்கம் பார்க்காதீர்கள். ஒரு கிலோமீட்டரிலிருந்து சத்தம் வந்து சேர மூன்று நொடி ஆகும். அதற்குள் விமானம் 600 மீட்டருக்கு மேல் முன்னால் போயிருக்கும்.


விமானப்படை_ஓய்வு_தர்மபுரி:

ஸ்டுடியோக்காரர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 1/1250 ஜெட்டுக்கு மட்டும். ஸ்போர்ட்ஸ் மோட் அது மாதிரி வேகத்தையே ஹெலிகாப்டருக்கும் வைத்ததால்தான் உங்கள் சாரங் பொம்மையாகிவிட்டது, மகளே.

நான் தரைப்பணியில் இருந்தவன், துருவ் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன். அதன் தலைக்கு மேல் இருக்கிற நாலு இலையும் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றும். 1/2000-இல் எடுத்தால் அந்த நேரத்தில் இலை ஒரு டிகிரிகூட நகராது, அதனால் நின்றுவிடும். 1/200 வைத்தால் 9 டிகிரி நகரும், ஓரம் லேசாகக் கலங்கும். 1/125-க்கு இறங்கினால் 14 டிகிரி, கண்ணால் பார்க்கிற மாதிரி சுழற்சி வந்துவிடும். 1/60-க்குப் போனால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும், ஆனால் உடம்பும் கலங்கிவிடும். உங்களுக்கு 1/160 சொல்வேன். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/11, அதற்கும் வெளிச்சம் அதிகமென்றால் எஃப்/13. பத்து எடுத்தால் இரண்டு தேறும், அது இயல்பு. லென்ஸில் கை நடுக்கத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசரைப் போட்டே வையுங்கள். முன்பக்கம் விசிறி வைத்த விமானம் வந்தாலும் 1/250-க்குள் இருங்கள்.

ஒவ்வொரு தடவையும் எண் மாற்ற நேரம் இருக்காது என்று நினைக்காதீர்கள். ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். அறிவிப்பைக் கேளுங்கள். நிறைய பேர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அது எனக்கு மனசு பொறுக்காது. அடுத்து என்ன வித்தை, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதில்தான் சொல்கிறார்கள்.

இரண்டு விமானம் எதிரெதிரே வந்து குறுக்கே கடப்பதை எல்லாரும் எடுக்கப் பார்ப்பார்கள். உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம். இரண்டு விமானமும் சேர்ந்து நெருங்குகிற வேகம் நொடிக்கு 400 மீட்டருக்கு மேல். இரண்டு படத்துக்கு நடுவே 130 மீட்டர் ஓடிவிடும். அழுத்திப் பிடித்தால் முன்னாலும் பின்னாலும் விழும், நடுவே விழாது. ஒரே ஒரு கிளிக்தான். லென்ஸை 100-க்குச் சுருக்குங்கள், ஒரு விமானத்தை மட்டும் பின்தொடருங்கள், இன்னொரு கண்ணையும் திறந்து வைத்து மற்றது வருவதைப் பாருங்கள். அது படத்தின் ஓரத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே அழுத்த வேண்டும். எத்தனை முன்பு என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்பது விமானம் சேர்ந்து வரும்போதும் 250-ஐப் பிடித்துத் தொங்காதீர்கள். வரிசை முழுவதும் படத்தில் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று 5 மீட்டருக்குள் பறக்கிறார்கள். 2019 பிப்ரவரி 19-ஆம் தேதி எலகங்காவில் ஒத்திகையின்போது இரண்டு ஹாக் மோதி ஒரு விமானி உயிரை விட்டார். அந்த இடைவெளி தெரிகிற படம்தான் அவர்கள் செய்கிற வேலையைக் காட்டும். ஒரு விமானத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது வெறும் விமானம்.


ஓசூர்_பறவைகள்:

நான் பறவை எடுக்கிறவன், விமானம் இரண்டு தடவைதான் எடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. பஸ் குறுக்கே மட்டும்தான் போகும், மேலே ஏறாது, புரளாது. சாய்வு வருவதைக் கண்டுபிடிக்கிற பழக்கத்துக்குக் கிருஷ்ணகிரி கேஆர்பி அணைக்குப் போங்கள்.

அணைக்கு வெளியே மீன் வறுக்கிற கடைகள் இருக்கின்றன அல்லவா, அதற்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும். கரும்பருந்து, சில நாள் செம்பருந்தும். அது வட்டமடிக்கும்போது ஒரு பக்கம் அடிவயிறு கறுப்பாகத் தெரியும், எதிர்ப்பக்கம் போனதும் முதுகு பழுப்பாக மின்னும். ஸ்டுடியோ அண்ணன் சொன்ன முதுகு விஷயம் அப்படியே கண் முன்னால் நடக்கும். திரும்புவதற்கு முன் வாலை முறுக்கும். அதைப் பார்த்தால் அடுத்து எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துவிடும். விமானத்திலும் இப்படித்தான், இறக்கை ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தால் வளைவு வரப்போகிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் 9 வரை போங்கள். வெயில் சாய்வாக இருக்கும், கூட்டம் இருக்காது.

எலகங்காவில் இதே பருந்துகளுக்குப் பயந்துதான் காட்சி நாட்களில் சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்கிறார்கள். 2025-இல் சுற்றிலும் 13 கிலோமீட்டர் தூரத்துக்குத் தடை போட்டார்கள். ஜெட் இன்ஜினுக்குள் ஒரு பருந்து போனால் போதும்.

நேரம் பற்றியும் சொல்கிறேன். உங்கள் 6 படமும் எந்த மணிக்கு எடுத்தவை என்று பாருங்கள். அநேகமாகக் காலைக் காட்சியாக இருக்கும். பிப்ரவரியில் மதியம் ஓடுதளக் கான்கிரீட்டிலிருந்து சூடு கிளம்பி அலையலையாக ஆடும். தாழப் பறக்கிற விமானமும் ஓடுதளத்தில் நிற்கிற விமானமும் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். எத்தனை விலை லென்ஸும் அதைச் சரி செய்யாது. கிருஷ்ணகிரியிலிருந்து எலகங்கா நூறு கிலோமீட்டருக்கு மேல், பெங்களூருவை முழுக்கக் கடந்து வடக்கே போக வேண்டும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் காலைக் காட்சிக்கு நிற்கலாம். 6 மணிக்குக் கிளம்பினால் ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்றுகொண்டு சத்தம் கேட்கலாம்.

இறக்கைக்கு மேல் வெள்ளை மேகம் போர்த்திக்கொண்டு வருகிற படம் ஆசையாக இருந்தால் அது மெரினாவில்தான் சுலபம். விமானம் கடுமையாக வளையும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, காற்று சட்டென்று குளிர்ந்து, அதிலிருக்கிற ஈரம் மேகமாகிறது. கடல் காற்றில் ஈரம் அதிகம். பிப்ரவரி எலகங்கா காய்ந்து கிடக்கும்.

பெரிய லென்ஸ் பற்றி: வேண்டுமானால் காட்சிக்கு ஒரு நாள் முன்பு பெங்களூருவில் வாடகைக்கு 100-400 எடுங்கள். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். ஆனால் புது எடையை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தூக்கினால் கை நடுங்கும், நான் நடுங்கியிருக்கிறேன். இந்த வருஷம் 55-250 போதும்.


மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:

ஸ்டுடியோ அண்ணா, தர்மபுரி ஐயா, ஓசூர் அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதல் வாரம் பஸ். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாமா கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். 1/60-இல் நூறு படம் எடுத்ததில் ஊர்ப் பலகை படிக்கும்படி வந்தது மூன்று. மூன்றாவது வாரம் நூற்றுக்கு 22. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காலை எங்கே ஊன்றுவது என்று சொன்னீர்களே அண்ணா, அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை ஏறியது.

நாலாவது வாரத்திலிருந்து அணை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பருந்தைப் பார்த்துக்கொண்டே "இப்ப சாயும் பாரு" என்பார், சாயும். எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. ஒரு கட்டத்தில் கேமராவை நான் பிடிக்க, எப்போது அழுத்துவது என்று அவர் சொன்னார். இணைத்திருக்கிற இரண்டாவது படம் அப்படி எடுத்தது. 1/1250, எஃப்/8, ஐஎஸ்ஓ 400, லென்ஸ் 250. செம்பருந்து, முதுகு முழுக்க வெயில்.

ஓசூர் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. ஆறு படத்தில் ஐந்து காலை 10 மணிக்கு முன்பு எடுத்தவை.

ஒரு சந்தேகம். ராவில் எடுத்தால் சில படத்துக்குப் பிறகு கேமரா நின்று யோசிக்கிறது. ஜேபெக்குக்கே திரும்பிவிடலாமா?


ராயக்கோட்டைரோடு_ஸ்டுடியோ:

ராவிலேயே இருங்கம்மா. மூன்று மூன்றாக அழுத்துங்கள், விரலை எடுங்கள், மறுபடி மூன்று. சாய்வு மூன்று நொடிக்கு மேல் இருக்காது, அதற்கு இது போதும். ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பது வைத்திருந்தால் அதை மாற்றி ரா மட்டும் வையுங்கள், இன்னும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

செம்பருந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் கூர்மை. தலையும் கழுத்தும் வெள்ளை அல்லவா, அங்கே வெளிச்சம் வழிந்து இறகு வரி போய்விட்டது. சூர்யகிரணிலும் வெள்ளைப் பட்டை இருக்கிறது, அதே இடத்தில் அதே தவறு வரும். முதுகு காட்டும்போது 1/1600-க்கு ஏற்றிவிடுங்கள், அடிவயிறு என்றால் 1/1250-க்கு இறங்குங்கள். ஒரே ஒரு சக்கரம், ஒரு சொடுக்கு. பார்க்காமல் திருப்பிப் பழகுங்கள்.

அடுத்த ஞாயிறு அணைக்கு நானும் வருகிறேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள்.